பதினெட்டு முடிந்தால் மெயின்டனன்ஸும் முடிந்துவிடுமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2013ல் எங்களுக்கு விவாகரத்து ஆனது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மெயின்டனன்ஸாக மாதம் 6,000 ராண்ட் என் சம்பளத்தில் பிடித்து அவர்கள் அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். 'பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கும்வரை' என்று உத்தரவில் எழுதியிருக்கிறது. மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டான். மகளுக்குப் போன மார்ச்சில் 18 ஆனது. பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் முதல் வருஷம் படிக்கிறாள். அவர்கள் அம்மா மறுமணமும் செய்துகொண்டாள். 18 முடிந்தால் கட்டத் தேவையில்லை என்று கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா? பாதியாவது குறைத்துக்கொள்ளலாமா அக்கா?"

நிறுத்தாதீர்கள் தம்பி. பாதியாகவும் நீங்களாகக் குறைக்காதீர்கள். மகனுக்காகக் கொடுப்பது நிற்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி நீதிமன்றத்துக் கவுன்டர் வழியாகப் போகிறது, உங்கள் சம்பள ஆபீஸ் வழியாக இல்லை.

நான் வக்கீல் இல்லை. டர்பனைச் சுற்றியுள்ள நீதிமன்றங்களில் இருபத்து நாலு வருஷம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஜீவனாம்சம் என்ற சொல்லை நம் ஊரில் பாட்டிமார்கூடச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது மெயின்டனன்ஸ்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் இந்தப் 18 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் முன்பு 21 வயதில்தான் ஒருவர் மேஜர், அதாவது சட்டப்படி வயது வந்தவர். குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2007 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததும் அது 18 ஆனது. அன்றிலிருந்து 'மேஜர் ஆனதும் மெயின்டனன்ஸ் நிற்கும்' என்ற பேச்சு பரவிவிட்டது. இன்னொரு குழப்பம் சாஸா என்ற அரசு நல அமைப்பு கொடுக்கும் கிராண்ட். அரசாங்கம் கொடுக்கும் அந்தக் குழந்தை உதவித்தொகை 18 ஆனதும் நிற்பது உண்மை. அது வேறு, இது வேறு. கிராண்ட் அரசாங்கத்தின் பணம், அதற்கு வயது எல்லை உண்டு. மெயின்டனன்ஸ் பெற்றவர்களின் கடமை. அதற்கு வயது எல்லை இல்லை.

பிறகு எதுதான் எல்லை? பிள்ளை தன் சாப்பாட்டைத் தானே சம்பாதிக்கும் நிலைக்கு வருவதுதான். நம் நாட்டின் பொதுச் சட்டம் பல காலமாகச் சொல்லிவருவது அதுதான். 1998ஆம் ஆண்டின் 99ஆம் எண் மெயின்டனன்ஸ் சட்டமும் அந்தக் கடமையைத்தான் செயல்படுத்துகிறது. 1999 தீர்ப்புத் தொகுப்பில் பர்சி என்ற வழக்கு இருக்கிறது. கிட்டத்தட்ட உங்கள் கதையேதான். சொந்தக் காலில் நிற்கும்வரை என்று விவாகரத்து உத்தரவு சொல்லியிருந்தது. மகன் மேஜராகிப் படித்துக்கொண்டிருந்தான். மேஜர் ஆகிவிட்டான் என்பதாலேயே உத்தரவு செத்துவிடாது என்று ப்ளூம்ஃபோன்டெயினில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் உங்கள் உத்தரவை எடுத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று, உங்களுடையது போல சொந்தக் காலில் நிற்கும்வரை. இன்னொன்று, 18 வயது வரை என்று தேதியோடு. இரண்டாவது விதமாக இருந்தால் அந்த உத்தரவு அந்தத் தேதியில் தானாக முடியும். ஆனால் முடிவது உத்தரவுதான், கடமை இல்லை. பிள்ளைக்குத் தேவை இருந்தால் மறுநாளே தன் பெயரில் புதிதாக மனுப் போடலாம். அதற்கு ஏ படிவம்.

சொந்தக் காலில் நிற்பது என்றால் என்ன என்பதில்தான் எல்லாச் சண்டையும். வார இறுதியில் கேட்வே மாலில் ஒரு கடையில் நின்று கொஞ்சம் சம்பாதிக்கும் பிள்ளை சொந்தக் காலில் நிற்கும் பிள்ளை இல்லை. லெர்னர்ஷிப் என்ற வேலைப் பயிற்சியில் சேர்ந்து மாதாமாதம் சின்னத் தொகை வாங்குகிறவன் பாதி தூரம் வந்திருக்கிறான். அங்கே தொகை குறையலாம், முழுவதும் நிற்காது. பர்சரி என்ற படிப்பு உதவித்தொகையோ, அரசாங்கத்தின் மாணவர் நிதியான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். பணமோ கிடைத்தால் அது எந்தச் செலவை மூடுகிறதோ அந்த அளவுக்குத் தேவை குறையும். படிப்பு முடித்து, நிரந்தர வேலையில் சேர்ந்து, தன் வாடகையையும் சாப்பாட்டையும் தானே பார்த்துக்கொள்ள முடிகிற மகனுக்கு முழுவதும் முடிந்துவிடும். உங்கள் மகன் இந்தக் கடைசி வகை என்றால் உங்கள் பக்கம் நியாயம் பலமாக இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேஜர் ஆன பிள்ளை கேட்டதெல்லாம் கிடைக்காது. 18க்குப் பிறகு தனக்குத் தேவை இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு பிள்ளையின் பக்கம் வந்துவிடுகிறது. குடும்பத்தின் வசதி என்ன, பிள்ளைக்குப் படிப்பில் நாட்டம் இருக்கிறதா, தேர்ச்சி பெறுகிறதா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். மூன்று வருஷமாக முதல் வருஷத்திலேயே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அப்பா சாகும்வரை கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த மாஜிஸ்திரேட்டும் சொல்வதை நான் கேட்டதில்லை. அதே நேரம், உடல் குறையாலோ மனநலக் குறையாலோ என்றைக்குமே சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு இந்தக் கடமை முடிவதே இல்லை. அப்பா ஓய்வு பெற்றாலும் தன் வசதிக்குத் தக்கபடி தொடரும்.

இப்போது உங்கள் 6,000க்கு வருவோம். 'ஒரு பிள்ளைக்கு 3,000' என்று உத்தரவில் தனித்தனியாகப் பிரித்திருந்தால் மகனின் பங்கு தனியாக நிற்கும், பிரச்சினை குறைவு. உங்களுடையது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தொகை. அதை இரண்டால் வகுத்துப் பாதியை வெட்டுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. வீட்டு வாடகையைப் பாருங்கள். மகன் வெளியே போனதும் வாடகை பாதியாகுமா? கரண்ட் பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மகளுக்கோ பள்ளிக்கூடக் கட்டணம் போய்ப் பல்கலைக்கழகக் கட்டணம் வந்திருக்கிறது. அவள் பங்கு 3,000 என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

நீங்களாக நிறுத்தினால் என்ன ஆகும்? ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். சொந்தமாக வேன் ஓட்டிப் பிழைத்தவர். சம்பளத்தில் பிடிப்பதெல்லாம் கிடையாது, அவரே மாதாமாதம் வங்கியில் போட்டுவந்தார். மகனுக்கு 18 ஆனதும் அவன் அம்மாவிடம் போனில் பேசினார், அவளும் சரி என்றாள். அன்றிலிருந்து வங்கியில் போடுவதை நிறுத்திவிட்டு மகன் கையிலேயே கொடுத்துவந்தார். டிரைவிங் கிளாஸ், லேப்டாப், காலணி என்று எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தார். பதினாலு மாதம் கழித்து அவர்களுக்குள் வேறு ஏதோ மனஸ்தாபம், அந்த அம்மாள் பழைய உத்தரவை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டாள். இவர் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய ரசீதுகளோடு என்னிடம் வந்தார். மூடியைத் திறந்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைச் சுருள்கள். கடை மெஷினில் வரும் அந்த வழவழப்புத் தாளில் எழுத்து நிற்காது, வேன் டேஷ்போர்டில் வெயில் பட்டு எல்லாம் மறைந்துவிட்டது. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது லேப்டாப்புக்கு அக்கா, இது லேப்டாப்புக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மனிதர் ஒரு மாதம்கூடப் பிள்ளையைக் கைவிட்டவர் இல்லை. ஆனால் உத்தரவுப்படி அந்தப் பதினாலு மாதமும் பாக்கிதான். கடைசியில் மாதக் கட்டணத்தோடு சேர்த்துத் தவணையாகக் கட்டினார். அந்த டப்பாவை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் வாய்ப்பேச்சை நம்பி நிறுத்தாதீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் தொண்டை வறளச் சொல்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பி படிவம். இருக்கிற உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கும் படிவம் அது. பிள்ளைகளும் அவர்கள் அம்மாவும் இருக்கிற பகுதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மெயின்டனன்ஸ் பிரிவில் கொடுக்க வேண்டும். அவர்கள் ஃபீனிக்ஸ் பக்கம் குடிபோயிருந்தால் சாட்ஸ்வொர்த்தில் போய் நின்று பயனில்லை. உங்கள் உத்தரவு உயர் நீதிமன்ற விவாகரத்தில் வந்ததாக இருந்தாலும் மெயின்டனன்ஸ் நீதிமன்றம் அதை மாற்றலாம். அதற்காக வக்கீல் வைத்து மறுபடி உயர் நீதிமன்றம் ஏறத் தேவையில்லை. படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை நகல், பழைய உத்தரவின் நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும், உங்கள் மாதச் செலவுப் பட்டியல். அப்புறம், மகன் வேலை பார்க்கிறான் என்பதற்கு ஏதாவது ஆதாரம். மகனே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் வேலை நியமனக் கடிதத்தின் நகலையும் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது. கேட்கச் சங்கடமாக இருக்கலாம். இருந்தாலும் கேளுங்கள். அவன் இப்போது மேஜர், இது அவன் பெயரில் வரும் பணம். அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுப்பது அம்மாவுக்குச் செய்யும் துரோகம் இல்லை என்று அவனுக்குப் புரியும்படி அன்பாகச் சொல்லுங்கள்.

படிவம் கொடுத்ததும் மெயின்டனன்ஸ் ஆபீசர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு மேசையில் உட்கார வைத்துப் பேசுவார். ஒத்துப்போனால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கி, மாஜிஸ்திரேட் முன்னால் வைத்து உத்தரவாக்கிவிடுவார்கள். நிறைய வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் மாஜிஸ்திரேட் முன்னால் விசாரணை. இதெல்லாம் சில மாதங்கள் இழுக்கலாம். அதுவரை பழைய உத்தரவு உயிரோடுதான் இருக்கும்; 6,000 போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும். புதிய உத்தரவு வந்ததும் அது உங்கள் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக் காகிதம் கைக்கு வராமல் அவர்கள் பிடிப்பதை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் கூடாது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி படிவம் போட்டால் மகன் விஷயம் மட்டும் பேசப்படும் என்று நினைக்காதீர்கள். உங்கள் சம்பளம், அவர்கள் அம்மாவின் சம்பளம், மகளின் செலவு எல்லாம் மேசைக்கு வரும். 2013க்குப் பிறகு உங்கள் சம்பளம் எவ்வளவு கூடியிருக்கிறது? மகளின் கட்டணம், புத்தகம், டாக்சிச் செலவு, டேட்டா எல்லாம் என்ன ஆகிறது? இரண்டு பெற்றோரும் அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி பங்கு கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மகனுக்காகக் கொடுத்தது போய், மகளுக்கு மட்டும் 4,000 என்றோ 4,500 என்றோ வந்து நிற்கலாம். நீங்கள் எதிர்பார்க்கும் 3,000 வராமல் போகலாம். போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், செலவு என்ன என்று அவளுக்கே தெரியும்.

அம்மா மறுமணம் செய்துகொண்டதைக் கேட்டிருந்தீர்கள். மனைவிக்கு என்று தனியாக மெயின்டனன்ஸ் இருந்தால் மறுமணத்தோடு அது நிற்கும். பிள்ளைகளுக்கானது நிற்காது. புதுக் கணவர் உங்கள் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளி இல்லை. நீங்கள் மறுமணம் செய்து அந்த வீட்டில் இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தாலும் இதேதான். தொகை குறையலாம், கடமை போகாது. அதேபோல, பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும் இரண்டும் தப்பு. ஒன்றுக்கும் மற்றதற்கும் சட்டத்தில் முடிச்சு இல்லை. கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்து பிரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. 'கல்யாணமே சட்டப்படி இல்லையே, நான் எதற்குக் கொடுக்க வேண்டும்' என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். கல்யாணம் பதிவானதா இல்லையா என்பது பிள்ளையைத் தொடாத விஷயம்.

பிள்ளையை வேறொருவர் தத்தெடுத்தால் பெற்ற அப்பாவின் கடமை அன்றோடு முடியும். அம்மாவின் புதுக் கணவரே தத்தெடுத்தாலும் அப்படித்தான். அதற்குக் குழந்தைகள் நீதிமன்றத்தின் தத்து உத்தரவு வேண்டும். 'என் உரிமையை எல்லாம் விட்டுக்கொடுக்கிறேன், ஆளை விடுங்கள்' என்று காகிதம் எழுதிக் கொடுத்தால் போதாது, கடமை அதோடு போகாது. பிள்ளைக்குக் கல்யாணமானால் முதல் பொறுப்பு துணைவருக்குப் போகும்.

அப்பா இறந்துவிட்டால்? இது பலருக்கும் தெரியாத விஷயம். இந்தக் கடமை ஆளோடு சாவதில்லை, அவர் விட்டுப்போன சொத்தின் மேல் நிற்கிறது. தேவையுள்ள பிள்ளை எஸ்டேட்டிடம் கேட்கலாம். கடன்காரர்களுக்குக் கொடுத்த பிறகு, வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்னால் பிள்ளையின் முறை வரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் தம்பிகள் சொத்துப் பேச உட்காரும்போது, முதல் தாரத்துப் பிள்ளையை யாரும் நினைப்பதில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா, சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுக்கும் எக்சிக்யூட்டருக்கு எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். பென்ஷன் ஃபண்டின் மரணத் தொகையிலும் அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டு. உயிலில் பெயர் இல்லாவிட்டாலும், அவரை அண்டியிருந்தவர்கள் யார் யார் என்று ஃபண்டின் டிரஸ்டிகள் விசாரித்துத்தான் பிரிக்க வேண்டும்.

வேலை போனாலும் உத்தரவு தானாக நிற்காது. போன அன்றே பி படிவத்தோடு போய்க் குறைக்கக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் வேலையை விட்ட ஏழு நாளுக்குள் முதலாளி நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஒளிந்துகொள்ள முடியாது. கட்டாமல் விடுவது குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷம் வரை சிறை அல்லது அபராதம். கடன் கட்டாதவர்களைக் குறித்து வைக்கும் கிரெடிட் பியூரோவிலும் பெயர் ஏறும், அப்புறம் கார் கடன்கூடக் கிடைக்காது. 'என்னிடம் இல்லை' என்று காரணம் சொல்லலாம். ஆனால் வேலை செய்ய மனமில்லாததாலோ தன் நடத்தையாலோ கையில் இல்லாமல் போயிருந்தால் அது எடுபடாது. பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2003 தொகுப்பில் வந்த ஒரு டர்பன் தீர்ப்பில், வேலையை விட்டுப்போன அப்பாவின் பிராவிடன்ட் ஃபண்டைப் பிள்ளைகளின் வருங்கால மெயின்டனன்ஸுக்காக நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்விட்டாலும் நாடுகளுக்கிடையே மெயின்டனன்ஸ் உத்தரவுகளைச் செயல்படுத்தும் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உத்தரவு அங்கே போய்ச் சேரும்.

பழைய பாக்கி இருந்தால், பிள்ளை வேலைக்குப் போனதும் அது அழிந்துவிடாது. இனிமேல் வர வேண்டியது மட்டும்தான் நிற்கும். ஏற்கெனவே கட்டாமல் விட்டது கடனாகவே இருக்கும். அது மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்று வாதாடிப் பார்த்தார்கள். நீதிமன்ற உத்தரவால் வந்த கடனுக்கு முப்பது வருஷம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆர்கஸ் வழக்கில் தீர்த்துவிட்டது. உங்களுக்குப் பாக்கி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் போவதற்கு முன்னால் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது, ஆனால் அடுத்த மாதம் கேட்கப் போவது. மகளுக்கு 18 ஆகிவிட்டதே, பணத்தை நேராக அவள் கணக்கில் போடலாமா? உத்தரவில் அம்மாவுக்கு என்று எழுதியிருக்கும்வரை அம்மாவுக்குத்தான். மேஜரான, இன்னும் படிக்கிற பிள்ளைக்காக விவாகரத்து வழக்கில் அம்மாவோ அப்பாவோ கேட்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அப்பாவிடம் நீயே போய் வழக்காடு என்று ஒரு பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். மகளும் அம்மாவும் நீங்களும் ஒத்துக்கொண்டால், மகள் கணக்குக்கு மாற்றச் சொல்லி அதே பி படிவத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடலாம். தனியாக இன்னொரு நாள் லீவு போட்டு நிற்க வேண்டியதில்லை.